எந்த அணியிலும் இல்லை

ஏப்ரல் 19, ஞாயிறு

கடைக்காரர் சங்கத்தின் புத்தாண்டு கிரிக்கெட். வழக்கம்போல கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் போட்டி. மனைவி பிரிந்து போன பிறகு எனக்கு இதுதான் முதல் ஆட்டம். மைதானத்துக்குப் போனதுமே முடித்தவர்களின் கேப்டன் செல்வம் என் கையில் ஒரு தொப்பியைத் திணித்தான்.

"இந்த வருஷம் நீங்க அம்பயரா நில்லுங்கண்ணே. ஒங்கள எந்தப் பக்கம் போடுறதுன்னே வெளங்கல."

போன வருஷம் அவன் அணிக்கு நான்கு விக்கெட் எடுத்துக் கொடுத்தவன் நான். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றேன்.

பிறகு செல்வமே ரன் அவுட் ஆனான். கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. விரலைத் தூக்கினேன்.

"பொண்டாட்டிய வீட்டுல வச்சிருக்கத் தெரியல, எனக்கு அவுட் குடுக்க வந்துட்டாரு" என்றான். இரண்டு அணியும் சிரித்தன. கலியாணமாகாத பொடியன்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றியது செல்வத்தின் மனைவி. சீனி குறைவென்று அவன் தன் கோப்பையை அவள் காலடியிலேயே கொட்டினான். அவள் சேலையை உதறிவிட்டு, சீனி போட்டு வேறொன்று கொண்டுவந்து நீட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

பொண்டாட்டியை வீட்டில் வைத்திருப்பது இப்படித்தான் போலிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.