செம்பாசிக்குப் பசித்தபோது

மார்ச் 3, காலை 6.00
கடலடி நிலையம், தூத்துக்குடிக்குக் கிழக்கே. பணியில் நான் ஒருத்திதான்: அனிஸ்தா பர்னாந்து, பாசி ஆராய்ச்சி. தொட்டியில் பழுப்புப் பாசி நலம். அது விடும் ஆக்சிஜனைத்தான் நான் சுவாசிக்கிறேன். கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் செம்பாசி. கடல்நீரோடு வந்த அழையா விருந்தாளி. கரைக்குச் சொல்லியாயிற்று.

மார்ச் 5, காலை 10.20
கரையிலிருந்து அதிகாரி திரவியம்: "பாஸ்பேட்டப் பாதியாக் கொறைக்கேம்மா. பட்டினி போட்டா செவப்பு தன்னால அடங்கிரும்."

பசித்த செம்பாசி அடங்காது, நஞ்சைக் கக்கும். பக்கத்துப் பாசியைக் கொன்றுவிட்டு மிச்ச பாஸ்பேட் உப்பைத் தானே தின்னும் என்றேன். "பாசிக்கு அம்புட்டு மூளையா?" என்று சிரித்தார். மூளை இல்லாமலே காரியம் நடக்கும் என்பதற்கு அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே சாட்சி. உப்புக் குழாயின் விசை கரையில், அவர் கையில். குரங்கு கையில் பூமாலை. குறைத்துவிட்டார்.

மார்ச் 8, பகல் 2.00
நுண்ணோக்கியில் பழுப்புச் செல்கள் ஓட்டை விழுந்து கிடக்கின்றன. செம்பாசி அவற்றைத் தொடக்கூட இல்லை. நீரில் கலந்த நஞ்சே போதுமாயிருந்தது. ஆக்சிஜன் 17 விழுக்காடு. தலைவலி.

அழுத்தக் கூண்டோடு படகு வந்தால்தான் நான் மேலேற முடியும். தானாக ஏறினால் இரத்தத்தில் குமிழி கட்டிச் சாவேன். கெஞ்சிக் கேட்டேன். படகு கிளம்பிவிட்டதாம், நாளை மாலை வருமாம்.

"பாஸ்பேட்டயும் மூணு பங்கா வுட்டுருக்கேன். இப்ப சந்தோசமா?"

தின்னப்போவது யார்? பழுப்புதான் செத்துவிட்டதே. கொலைகாரனுக்குக் கறிவிருந்து வைக்கிறார்.

மார்ச் 9, காலை 7.30
தொட்டி முழுக்கச் சிவப்பு. செம்பாசியும் ஆக்சிஜன் விடும். அளவு 21க்கு ஏறிவிட்டது. கரையில் அந்த எண் மட்டும்தான் தெரியும். தொட்டி நீரில் குமிழி வெடிக்கும்போது நஞ்சும் சாரலாகக் காற்றில் கலப்பதைக் காட்ட அங்கே எந்தக் கருவியும் இல்லை. ஓயாத இருமல். உதடு மரத்துவிட்டது. நஞ்சு வடிகட்டும் முகமூடி போன வருடமே கேட்டேன். "அனாவசியம்" என்று திருப்பியவர் திரவியம்.

காலை 11.10
"ஆக்சிஜன் ஃபுல்லா இருக்கேம்மா! நாஞ் சொன்னேம்லா? டீசல் தெண்டம்னு படகத் திருப்பிட்டோம்."

திருப்பாதீர்கள் என்றேன். நாக்கு புரளவில்லை. மறுபடி சொன்னேன்.

"என்னம்மா, பேச்சு கொழறுது? நல்லாத் தூங்கி எந்திங்க. நாளைக்குப் பேசுவோம்."

வைத்துவிட்டார். பயமாக இருக்கிறது. இந்த ஆள் கையால் சாகிறேனே என்பதுதான் அதைவிட எரிகிறது.

பகல் 12.40
விரல் மரக்கிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: காற்று சரியாக இருந்தது என்று அறிக்கை எழுதுவார்கள். நம்பாதீர்கள். யார் வந்தாலும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள்.

திரவியத்துக்கு மட்டும் வேண்டாம். ஆக்சிஜன்தான் ஃபுல்லாக