வலி மாத்திரைதானே

ஜூன் 4
சுண்டெலி, இன்னைக்கு ஈர பெட்ஷீட்டை ஒத்தை ஆளாகப் பிழிந்தேன். எப்பவும் ஒரு முனை உன் கையில் இருக்கும். நீ போய் மூணு மாசம். லாண்டிரியில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. முறுக்கும்போது வலது தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. கை மேலே வரவில்லை.

ஜூன் 5
டாக்டரம்மா தோளை அமுக்கிப் பார்த்தார். உள்சதை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, சுத்தி இறுகிப் போயிருக்கு என்றார். பாரம் தூக்கக் கூடாதாம். மருந்துக்கடையில் அட்டையை வாங்கித் திருப்பினேன். அதே மஞ்சள் மாத்திரை. உன் இடுப்புப் பிடிப்புக்குக் கொடுத்தது.

ஜூன் 6
போடவில்லை.

ஜூன் 8
தலை வார முடியவில்லை. சாப்பாடு இடது கையால். தலையணை உறைகளை ஒத்தைக் கையால் மடிப்பதைப் பார்த்து அயர்ன்காரர், "என்னம்மா, துணிக்கு ஆசீர்வாதம் பண்றியா?" என்று சிரித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து நீட்டினார். "என் கழுத்துக்குக் குடுத்ததுல ரெண்டு மிச்சம். வலி மாத்திரைதானே, போட்டுக்கோ."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "அடுத்தவங்களுக்கு எழுதினதை எதுக்கு நீட்டறீங்க? அது என்ன மிட்டாயா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், நல்ல மனுஷன். சரிம்மா சரிம்மா என்று உள்ளே வைத்துக்கொண்டார்.

வலி மாத்திரைதானே, போட்டுக்கோ. நான் உனக்குச் சொன்னதும் இதேதான்.

ஜூன் 9
யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதணும்.

உன் கவரில் ராத்திரி ஒண்ணு என்றுதான் இருந்தது. அன்னைக்குக் காலையில் நீ நிமிர முடியாமல் நின்றாய். சளிக்கு ஒரு மாத்திரை வேறு போட்டிருந்தாய். நான்தான் அட்டையைப் பிதுக்கினேன். "ராத்திரிக்குத்தானேக்கா சொன்னாங்க" என்றாய். "வலிக்கிறப்போ போடாம வேற எப்போடி போடறது? பெரிய டாக்டர் இவ!" — சிரிச்சேன். சிரிச்சேன்டி.

பத்து மணிக்கு மாடிப்படியில், ஈரக் கூடையோடு நீ உருண்டு... படி வழுக்கிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னேன். ஏன் ஆமான்னேன்?

ஜூன் 10
சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன்மா. அப்புறமும் கை வரலேன்னா நான் வேற ஆள்தான் தேடணும்."

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் இருக்கும் பெண்ணிடம் எல்லாத்தையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. விதி என்றும் சொல்லவில்லை.

"இது வெறும் வலி மாத்திரை இல்லக்கா. இறுகின சதையை இளக்கறது. கூடவே ஆளையும் இளக்கிடும். தூக்கம் வரும், தலை சுத்தும். அந்தச் சளி மாத்திரையும் தூக்கம் வர்ற வகையா இருந்தா, ரெண்டும் சேர்ந்து இன்னும் ஜாஸ்தியாகும்."

"அப்போ நான்தான் தள்ளிவிட்டேனா?"

"உங்களுக்கு யாரும் விவரமா சொல்லலக்கா" என்றாள். நான் கேட்டதுக்கு அது பதில் இல்லை.

வேறென்ன மாத்திரை போடறீங்க என்றாள். நீ போனதிலிருந்து தூக்கம் வராத நாளில் தூக்க மாத்திரை ஒன்று போடுவேன், டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. கடைப் பெண்ணே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாதாம். தோள் மாத்திரை படுக்கப் போகும்போது ஒன்று, அஞ்சு நாள்தான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ரெண்டாகப் போடக் கூடாது. காலையில் மந்தமாக இருந்தால் படியும் ஏறக் கூடாது, மெஷின் பக்கமும் போகக் கூடாது.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு டீ குடிக்கிற நேரம்.

ஜூன் 11
நேற்று போட்டேன். வாய் வறண்டது. காலையில் தலைக்குள் ஈரப் பஞ்சு அடைச்ச மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனேன். வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 12
நேற்றும் ஒண்ணு. ரெண்டு நாள் ஆச்சு.

ஜூன் 15
அஞ்சும் முடிந்தது. நானே தலை வாரிக்கொண்டேன். நாளையிலிருந்து வேலை. கீழ்த்தளத்தில் மடிக்கிற வேலை மட்டும்.

முந்தாநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது தோளில் வலியே இல்லை. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம்தான் உன் நினைப்பு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்னைக்கு உனக்கும் இப்படி விட்டுப்போச்சா, சுண்டெலி? வலி போயிடுச்சுங்கற சந்தோஷத்துலதான் என்னைக் கூப்பிடாம நீயே கூடையைத் தூக்கிட்டு ஏறினியா?