கப்பலில் வரும் வேப்பம்பலகை

எழுமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை அஸ்வினிக்கு அண்ணன் முத்துப்பாண்டி எழுதுவது. இங்கே அம்மா, உன் அண்ணி சரண்யாதேவி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் மருமகள் சுபாவும் குளிரில் நடுங்காமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ கணக்குச் சொல்வாய், நான் கத்திவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். மருமகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இங்கே காத்துக் கிடக்கிறது. நீயோ, "நாங்க மூணு பேரும் ஸ்வீடன்ல இருந்து விமானத்துல வந்து போனா, நம்ம வீட்டுல எல்லாரும் சேந்து ஒரு வருஷம் விடுற புகையை மிஞ்சிரும்ண்ணே, வரலை" என்கிறாய். கோபம் வராதா? அண்ணன் தங்கைக்குள் என்ன சண்டை என்று பக்கத்து வீட்டு வீரணன் கேட்டான். புகைச் சண்டை என்றேன். சிரிக்கிறான்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. கிணற்றடி வேப்பமரம் போன சித்திரைக் காற்றில் சாய்ந்துவிட்டது. நீ வந்திருந்தபோது, உள்ளே எவ்வளவு கரி இருக்கிறது என்று கணக்குப் பார்க்க நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்தாயே, அதே மரம். செங்கல் சூளைக்காரர் லாரியோடு வந்து நின்றார். ஏற்றிக்கோ என்று சொல்ல வாயெடுத்தபோது நீ சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது: "காத்துல இருந்து இழுத்த கரியெல்லாம் மரத்துக்குள்ளதாண்ணே இருக்கு. எரிச்சா திரும்ப மேல போயிரும். கட்டிலோ கதவோ ஆக்குனா, அது இருக்குற வரைக்கும் உள்ளயே கெடக்கும்." லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

திருமங்கலத்தில் மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து, காயப்போட்டு, இரண்டு கதவும் அம்மாவுக்கு ஒரு கட்டிலும் செய்தாயிற்று. அதில் ஒரு கூத்து. கரி போய்விடுமே என்று சுள்ளியைக்கூட ஒருவரையும் தொடவிடவில்லை நான். கோயில் பொங்கலன்று அடுப்புக்கு விறகில்லை. "ஒங்க தங்கச்சி வந்து வாயால ஊதிப் பொங்க வைப்பாகளா?" என்று சரண்யாதேவி பானையும் கையுமாக நின்று கேட்டாள், அத்தனை சனத்துக்கும் முன்னால். சுள்ளியைக் கொடுத்துவிட்டேன். அம்புட்டுப் புகையையும் என் பேரில் எழுதிக்கொள்.

மிஞ்சிய நடுமரத்தில் ஒரு மணைப்பலகை செய்யச் சொன்னேன். காதுகுத்தன்று நான் அதில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொள்ளத்தான். ஆசாரி கொண்டுவந்து போட்டதும் உட்கார்ந்து பார்த்தேன். மடி காலியாக இருந்தது. கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது, அஸ்வினி. நீ ஊரை மறந்து வராமலில்லை. சுபா வளர்ந்து சுவாசிக்கப்போகிற காற்றை நினைத்துத்தான் சொல்கிறாய். புரிகிறது. புரிந்தாலும் வலிக்கிறது.

கப்பலில் சாமான் வந்தால் புகை ரொம்பக் குறைவு என்று நீதானே சொன்னாய்? பலகையைத் தூத்துக்குடியில் ஏற்றிவிட்டேன். மெதுவாகத்தான் வரும். வந்ததும் மருமகளை அதில் உட்கார வைத்து அங்கேயே காது குத்துங்கள். அவள் அழும்போது, இது மாமன் மடி என்று சொல். வேம்பு, பூச்சி அரிக்காது. அவள் பிள்ளைக்கும் ஆகும்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருங்கள். கிணற்றடியில் புது வேப்பங்கன்று வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு தடவை வந்து போகிற புகைக்கு அது ஈடாக எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல். அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

உன் அண்ணன்,
முத்துப்பாண்டி