தடைக்கால ஓய்வு

மார்ச் 11, 2025 – செவ்வாய்

நோன்பு வைத்துக்கொண்டு மதிய வெயிலில் நின்று பந்துவீச்சு பார்ப்பது எனக்குத் தேவையா? தேவைதான் போல. கம்பெனி கிரிக்கெட் அணியின் மேலாளர் டில்லிபாபு சார் போன் பண்ணியதும் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பையன் பெயர் வெற்றி. திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவர் குப்பம். பதினெட்டு வயது, ஆறடி ஒரு அங்குலம். விடிவதற்குள் காசிமேட்டில் விசைப்படகுக்கு ஐஸ் பெட்டி ஏற்றுகிறான், சில நாள் அப்பாவோடு கடலுக்கும் போகிறான், மதியம் கம்பெனி மைதானத்துக்கு வந்து பந்து போடுகிறான். முதல் பந்துக்கே விக்கெட் கீப்பர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். வேகமானி மணிக்கு 132 கிலோமீட்டர் காட்டியது.

ஆனால் பந்தை விடும்போது இடுப்பு ஒரு திசையில் இருக்கிறது, தோள் வேறு திசையில் இருக்கிறது. அந்த முறுக்கிலிருந்துதான் வேகம் வருகிறது. முதுகெலும்பு உடைவதும் அதிலிருந்துதான்.

கம்பெனியில் இந்த வருடம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு வேலை. ஜூன் மாதம் முடிவு. அணிக்குப் பகுதிநேர பிசியோ என்ற முறையில் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கடைசிக் கட்டம்: "நீண்டகால வாய்ப்பு – பத்து ஆண்டுகள் தாங்குமா?"

"போன தடவ மாதிரி பண்ணிடாதீங்க மேடம்" என்றார் டில்லிபாபு சார். போன தடவை என்றால் ரஞ்சித் என்ற பௌலர். ஆறு வருடத்துக்கு முன் "தாங்காது" என்று எழுதினேன், அவனுக்குக் கிடைக்க இருந்த வேலை போயிற்று. இப்போது வேறு கம்பெனிக்கு ஆடுகிறான், ஒரு மேட்ச் விட்டதில்லை. அவன் விக்கெட் எடுக்கும்போதெல்லாம் டில்லிபாபு சார் எனக்கு ஸ்கோர்கார்டு அனுப்பிவிடுவார். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே எரிகிறது.

மார்ச் 13 – வியாழன்

வெற்றியை கிளினிக்குக்கு வரவழைத்தேன். இடது காலில் மட்டும் நின்று பின்னால் சாயச் சொன்னேன். ஒரு நொடி அவன் உதடு இறுகியது.

"வலிக்குதா?"

"இல்லக்கா. லேசா புட்ச்சிகினு கீது. ஐஸ் பொட்டி தூக்குனா எல்லாருக்கும் கீறதுதான். எங்க நைனாக்கு கீது, மாமாக்கு கீது."

அவர்களுக்கு இடுப்பு வலி நோய் இல்லை, வேலையில் ஒரு பகுதி. வலது கையால் வேகமாகப் போடுகிறவனுக்கு இடது பக்கக் கீழ்முதுகில் வலி என்றால் முதுகெலும்பு விரிசல் விடத் தொடங்கியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். படித்த முதல் பாடமே அதுதான். ஆனால் அவன் ஐஸ் பெட்டியைச் சாய்த்துத் தூக்குவதும் இடது இடுப்பில்தான். இரண்டில் எது?

மார்ச் 19 – புதன்

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. சுத்தமாகத்தான் இருக்கும். எலும்பு களைத்துப்போய் இன்னும் உடையாத நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

எடுக்கலாமா என்று டில்லிபாபு சாரிடம் கேட்டேன். "எடுத்தா ஃபைலுக்குப் போவும் மேடம். ஃபைலுக்குப் போனா கம்பெனி டாக்டர் ஒரே வார்த்தைல அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாரு. அவன் ஆயுசுக்கும் ஐஸ் தூக்கினு இருப்பான். உங்களுக்கு இன்னொரு ரஞ்சித் வோணுமா?"

வேண்டாம். அதுதான் என் பதில். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 21 – வெள்ளி

வெற்றியின் அம்மா புஷ்பவல்லி வந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நோன்பு திறந்த பிறகு ஆக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு பை சங்கரா மீன் கொடுத்தார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. போகும்போது படியில் நின்று கேட்டார்.

"எம்புள்ள தாங்குவானாம்மா? நெசத்த சொல்லு."

"தாங்குவான்க்கா" என்றேன். வலியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார் என்று நினைத்தேனா, இல்லை நானே பயந்தேனா?

மார்ச் 24 – திங்கள்

படிவம் அனுப்பிவிட்டேன். நான் எழுதியது அப்படியே:

"கீழ்முதுகில் லேசான இறுக்கம். படகு வேலையின் சுமையால் ஏற்பட்டது. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இரண்டு மாதம் முழு ஓய்வு கிடைக்கும். அதற்குள் குணமாகும். நீண்டகால வாய்ப்பு: மிக நன்று."

மூன்று தடவை படித்துப் பார்த்தேன். எங்கேயும் பொய் இல்லை. பிறகு ஏன் மூன்று தடவை படித்தேன்?

மார்ச் 31 – திங்கள்

பெருநாள். வெற்றி வந்து ஒரு டப்பா பிரியாணி வாங்கிக்கொண்டு போனான். ஷூவை மாட்டக் குனியவில்லை, காலாலேயே துழாவித் திணித்துக்கொண்டான். இந்த வயசுப் பசங்க எல்லாருமே அப்படித்தானே மாட்டுவார்கள்.

ஏப்ரல் 15 – செவ்வாய்

தடை ஆரம்பம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் உரசிக்கொண்டு நிற்கின்றன. இனி அறுபத்தொரு நாளைக்கு ஐஸ் இல்லை, பெட்டி இல்லை. அப்பாடா.

வெற்றியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: தடை இல்லாத சின்னப் படகில்கூடக் கடலுக்குப் போகக் கூடாது. கம்பெனி நெட்ஸில் வாரத்துக்கு எட்டு ஓவர், மேலே ஒரு பந்து போடக் கூடாது. "சரிக்கா" என்றான். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வாரா வாரம் அதில் எட்டு என்று எழுத வேண்டியதுதான்.

மே 2 – வெள்ளி

எட்டு ஓவர். குறித்தாயிற்று. இடது குதிகால் கறுத்துக் கன்றியிருந்தது. என்னடா இது என்றேன். "மணல் சூடுக்கா" என்றான்.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். அவர்கள் குப்பத்தில் மணல் எங்கே இருக்கிறது? கடல் அரித்துப்போய் கல் கொட்டிய சுவர்தான் இருக்கிறது. நாளைக்குக் கேட்க வேண்டும்.

மே 9 – வெள்ளி

கேட்கவில்லை. வேகமானியில் 136 வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கும் மறந்துவிட்டது. டில்லிபாபு சார் முதல் தடவையாக எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மற்ற பையன்கள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவன் நின்றுகொண்டே குடித்தான்.

மே 21 – புதன்

"ம்மா, இது உன் பௌலர்தானே?" நவ்ரீன் போனை நீட்டினாள். லீவு விட்டதிலிருந்து இவள் போனும் கையுமாகத்தான் இருக்கிறாள் என்று திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை.

அவன்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரம், மூடிக்கிடக்கும் ஒரு கண்டெய்னர் யார்டு. தரை முழுக்க கான்கிரீட். கண்டெய்னர்கள் மேலே ஏறி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஸ்பீக்கர் அலறுகிறது. வெற்றி ஓடி வருகிறான். வெறுங்காலோடு. கான்கிரீட்டில் அந்த இடது காலை அறைந்து ஊன்றி – மறுபடி, மறுபடி.

தடைக்காலக் கப் கிரிக்கெட்டாம். பதினாறு குப்பத்து அணிகள். படகு நின்றதும் வருடா வருடம் நடக்குமாம். இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும், என் மகளுக்குத் தெரியும். தண்டையார்ப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. பதினொரு வீடியோ பார்த்தேன். முதல் தேதி ஏப்ரல் 18.

நான் நோட்டுல எட்டு எட்டுன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். அவனுக்கு ஓய்வு கிடைக்கும்னு ஆபீசுக்கே எழுதிக் கொடுத்தேனே. ஐஸ் பெட்டியே அவனுக்கு ஓய்வுதான், இதைப் பார்க்கும்போது.

மே 22 – வியாழன்

யார்டுக்கே போனேன். "டாக்டரம்மா வந்துகீது, சேர் போடுடா" என்று யாரோ கத்தினார்கள். உட்காரவில்லை.

"கடலுக்குப் போவாதன்னுதான சொன்னீங்க" என்றான் வெற்றி. "நான் போவலியே."

"எட்டு ஓவருக்கு மேல பந்து போடாதன்னும் சொன்னேனே!"

"இது ஊர் மேட்ச்சுக்கா. இதெல்லாம் ஒரு பௌலிங்கா?"

அவன் ஏமாற்றவில்லை. அதுதான் கொடுமை. கம்பெனி வெள்ளைப் பந்து மட்டும்தான் அவனுக்குப் பந்துவீச்சு. இங்கே தினமும் பத்து ஓவர் "சும்மா" போடுகிறான். நிறுத்து என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊர்க் கூட்டத்துல டீமுக்கு என் பேர படிச்சிட்டாங்கக்கா. படிச்ச பெறகு நான் வரலன்னா எங்க நைனா எந்த மூஞ்ச வெச்சினு போட்ல ஏறுவாரு? ஜூன் ஒண்ணு ஃபைனலு. அதோட முடிஞ்சிடும்."

அங்கேயே இடது காலில் நின்று சாயச் சொன்னேன். பாதிகூடச் சாய முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் சிரித்தான்.

டில்லிபாபு சாருக்குப் போன் போட்டு அறிக்கையை மாற்றப்போகிறேன் என்றேன். உடனே பதில் வந்தது: "மாத்துங்க. மொதல்ல ஒண்ணு கேப்பாங்க, மார்ச்லயே வலி இருந்துச்சான்னு. இன்னா சொல்லுவீங்க?"

காலையிலிருந்து நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெற்றியிடம் பேரம் பேசினேன்: ஃபைனல் மட்டும், மூன்றே ஓவர், காலில் ஷூ. பிசியோவா நான்?

மே 27 – செவ்வாய்

"மார்ச் 24 அறிக்கையில் ஒரு திருத்தம்" என்று மெயிலுக்குத் தலைப்பு எழுதினேன். மூடிவிட்டேன்.

மே 30 – வெள்ளி

வெற்றி போனை எடுக்கவில்லை. புஷ்பவல்லியிடம் சொல்லலாமா என்று மார்க்கெட் வரை போனேன். கடையில் நல்ல கூட்டம். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூன் 1 – ஞாயிறு

ஷூ போட்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றினான்.

அவனுடைய மூன்றாவது ஓவர் முடிந்தது. நான் எழுந்து கையைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். அடுத்த ஓவரை வேறொருவன் போட்டு முடித்தபோது எதிரணிக்கு ஒன்பது ரன் வேண்டும், ஒரு ஓவர் பாக்கி. கேப்டன் பந்தை அவன் கையில் வைத்தார். கண்டெய்னர் மேலே இருந்த அத்தனை பேரும் அவன் பெயரைக் கத்தினார்கள். அவன் அப்பா கத்தவில்லை, துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்கியிருக்கலாம். இருபது அடி தூரம்தான்.

நாலாவது பந்தில் கடைசி விக்கெட் விழுந்தது. ஸ்டம்ப் பறந்த சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். அவன் மட்டும் பந்தை விட்ட இடத்திலேயே, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றான். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். தூக்காதீங்க, தூக்காதீங்க என்று நான் கத்தியது ஸ்பீக்கரில் போய்விட்டது. மேலே அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. யார்டை மூன்று சுற்று சுற்றி வந்தார்கள்.

ஜூன் 4 – புதன்

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. முதுகுத்தண்டில் இடுப்புக்கு மேலே கடைசி எலும்பு. இடது பக்கம் முழுசாக உடைந்திருக்கிறது. வலது பக்கம் விரிசல். இடது பக்க முறிவின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன, ஒரே நாளில் உடைந்தது இல்லை, மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டிருக்கிறது என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். நான் ஆச்சரியப்படுகிறவள் போலத் தலையாட்டினேன்.

ஜூன் 7 – சனி

பக்ரீத். யார் வீட்டுக்கும் போகவில்லை.

ஜூன் 12 – வியாழன்

மெயிலை அனுப்பினேன். மார்ச்சிலேயே வலி இருந்தது, நான் குறைத்து எழுதினேன் என்று இரண்டே வரி. அனுப்பியும் பிரயோசனம் இல்லை, வேலை நேற்றே ஒரு பேட்ஸ்மேனுக்குப் போய்விட்டது.

புஷ்பவல்லி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு பட்டுச்சும்மா. அம்மாம் ஜனம் பாத்துச்சே. நீதான் அன்னிக்கே நிறுத்துன்னு சொன்னியாமே, அந்தத் தறுதல கேக்கல." நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 15 – ஞாயிறு

தடை முடிந்தது. எல்லாப் படகும் போய்விட்டது. வெற்றி இடுப்பு பெல்ட்டோடு கரையில் நின்று பார்த்தானாம்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

இன்று புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டேன். வழக்கம்போல மீன் பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். உட்காரவைத்து மார்ச் 13-இலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கெட் வரை வந்து திரும்பிப்போனதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாமேம்மா. ஊர்க் கூட்டத்துல பூந்து நான் சண்ட போட்டுகினு இருப்பனே. போனா எம்மானந்தான போயிருக்கும்."

பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

டில்லிபாபு சார் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறார். வேறு பையன், மாத்தூர். நான் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வெற்றி தனியாக வந்தான். மீன் வரவில்லை, இனிமேல் வராது. பத்து வாரமாகச் செய்கிற அதே பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தான். முடித்ததும் இடது காலில் நின்று பின்னால் சாயச் சொன்னேன். பாதி தூரம் போனான். முன்பைவிடப் பரவாயில்லை என்றேன். எப்போது பந்து போடலாம் என்று கேட்பான், என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

அவன் அதைக் கேட்கவே இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "அக்கா, ஐஸ் பொட்டி எப்போலேந்து தூக்கலாம்?" என்றான்.