மகுடத்துக்கு அனுப்பிய தோல்

தாராவி,
10-5-1963

அன்புள்ள சண்முகவடிவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்க இன்று கை வரவில்லை.

வாத்தியார் ஐயா உனக்கு இதை வாசிக்கும்போது, நம் மகள் இசக்கியின் கன்னத்தில் நீ போன கடிதத்தில் சொன்ன அந்தக் கரும்புள்ளி இருந்தால் மீதியைக் கேட்க நிற்காதே. அவளைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. நேற்றே தந்தி அடித்தேன். தந்தியில் இவ்வளவும் சொல்ல முடியுமா?

என்னோடு கிடங்கில் தோல் சுமக்கிற பூலோகத்துக்குப் போன வாரம் கழுத்தில் கொப்புளம் வந்தது. இரண்டு நாளில் நடுவே கரியாகக் கறுத்துவிட்டது. "வலிக்கவே இல்லலே, இதப் போயி எவங்கிட்டக் காட்ட?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நாலாம் நாள் முகம் வீங்கி, அவன்தானா என்று சந்தேகமாகிவிட்டது.

மாட்டுங்காவில் டாக்டர் வேங்கடசுப்ரமணியனிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. "என்ன வேலைப்பா பண்றே? தோலா?" என்றார். கறுப்பின்மேல் ஊசியால் குத்தினார். பூலோகத்துக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் டாக்டர் முகம் மாறியது. புண்ணின் நீரைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எனக்கும் காட்டினார். மூங்கில் துண்டுகளை வரிசையாக அடுக்கியது போல் கிடந்தது. ஆடு மாடு பொசுக்கென்று விழுந்து சாகுமே அடைப்பான், அதேதானாம். காய்ந்த தோலில் வருஷக்கணக்காகச் சாகாமல் கிடக்குமாம். ஈகூடக் கொண்டுவந்து வைக்குமாம். பென்சிலின் போட்டதில் பூலோகத்துக்கு வீக்கம் வடிகிறது.

கோயில் கொடைக்கு அடிக்கிற மகுட மேளத்துக்குக் கட்ட நான் தோல் அனுப்பினேனே, பதம் போட்ட தோலில் சத்தம் எழும்பாது, பச்சைத்தோலே வேண்டும் என்று மகுடம் அடிக்கிற சொரிமுத்து அண்ணாச்சி கேட்டாரே, அது மந்தையை ஏற்றி வந்த லாரியிலேயே தானாகச் செத்த ஆட்டின் தோல். மூக்கில் ரத்தம் உறையாமல் வடிந்துகொண்டிருந்தது. நானே உரித்து, காயவைத்து, பார்சல் கட்டினேன். அந்த மந்தையின் மற்றத் தோல்களைத்தான் பூலோகம் சுமந்தான். எனக்கு ஒன்றுமே வரவில்லை. தினமும் உடம்பைத் தடவிப் பார்க்கிறேன். எங்காவது வலித்தால் சந்தோஷமாக இருக்கிறது.

மகுடம் அடித்தால் தூசி பறக்கிறது, இசக்கி அதில் கன்னத்தை வைத்துச் சத்தம் கேட்கிறாள் என்று எழுதச் சொல்லியிருந்தாய். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு போல ஒன்று வந்திருக்கிறது, தொட்டாலும் அழவில்லை என்றும். பாவி நான், அந்தக் கடிதத்தைக் கிடங்கில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மகுடத்தை யாரும் கையால் தொட வேண்டாம். கம்பால் தூக்கிக் குழியில் போட்டு எரிக்கச் சொல். சாமி கோபிக்கும் என்றால், அந்தக் கோபம் என்மேல் வரட்டும்.

தோல் வந்த விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல். ஊசி போடும்போது இசக்கி வீறிட்டு அழட்டும். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழட்டும். என் பிள்ளை அழுதாள் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு, வடிவு.

இசக்கியின் அப்பா,
வானமாமலை