மூன்று தட்டு

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போனில் கேட்டால் "அவர் பக்கத்துல இருக்காருக்கா" என்கிறாய். காகிதத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை.

வலது மணிக்கட்டில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். ஆறு வாரம் கட்டு. புள்ளியியல் நடத்துகிறவளால் கரும்பலகையில் ஒரு கோடு இழுக்க முடியவில்லை.

உன் வீட்டுக்காரர் நடத்தும் ஐகிடோ தற்காப்புக்கலை வகுப்பில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவர் கை படுமுன்பே எல்லோரும் பொத்துப் பொத்தென்று விழுகிறார்களே, ஒருவர் விழ மறுத்தால் இந்தப் பிடி பலிக்குமா? அதற்கு, "வாங்க புரொபசர் மேடம், சோதிச்சே பாத்துருவோம்" என்றார். மணிக்கட்டை முறுக்கிக் குப்புறக் கவிழ்த்து, தோளருகே முழங்காலை ஊன்றி அழுத்தினார். 'தட்டினால் விடு' என்று சுவரில் முழ நீளத்துக்கு எழுதிவைத்திருப்பவர் அவர்தான். மூன்று முறை தரையைத் தட்டினேன். விடவில்லை. "பாருங்க, படிச்ச கையும் வளையும்" என்று எல்லோரையும் சிரிக்கவைத்த பிறகுதான் விட்டார்.

இப்போது "தட்டின சத்தமே கேக்கல" என்கிறாராம். நீ இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். உனக்குக் கேட்டதா, இல்லையா?

அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

வீக்கம் வடிந்ததா? கையைத் தொங்கவிடாதே, தலையணை மேல் வை.

நீ எதையுமே மெதுவாகச் செய்கிறவள். தட்டியதும் மெதுவாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு வேண்டுமென்றே செய்கிற குணம் கிடையாது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தெரியுமா? சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதேக்கா. வகுப்புக்கு நீ போடும் வெள்ளை உடுப்பைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். கை சரியானதும் வா.

உன் தங்கை

மார்ச் 13

தங்கைக்கு,

'இருந்திருக்கும்' என்று எழுதியிருக்கிறாய். விடைத்தாளில் ஒரு மாணவி இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். நான் கேட்டது உன் காதைப் பற்றி. அவருடைய சாப்பாட்டைப் பற்றி அல்ல. ஒரு கை சோறு இறங்கவில்லை என்பதற்காக ஒருவர் யோக்கியராகிவிடுவாரா?

கன்னம் தரையில் அழுந்திக் கிடந்த எனக்கு நேரெதிரே தெரிந்தது உன் முகம்தான். மூன்றாவது தட்டு விழுந்ததும் நீ சட்டென்று தலைகுனிந்தாய். சத்தம் கேட்காதவள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடு. நேரான பதில் வராவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

நேற்று வகுப்பில் புதிதாக நான்கு பேர். அவர் ஒருவரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே, "தட்டினா எனக்குக் கேக்கற மாதிரி தட்டணும். போன மாசம் ஒருத்தங்க பூனை மாதிரி தட்டிட்டு என்னைக் குத்தம் சொல்றாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்று, "எனக்குக் கேட்டுச்சு. மூணு தட்டு" என்றேன்.

பிடியைத் தளர்த்திவிட்டு என்னையே பார்த்தார். "அப்போ அன்னிக்கே ஏன் சொல்லல?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அது உனக்குச் சொல்ல வேண்டியது. ஐந்து தாள் கிழித்தாயிற்று.

பிறந்ததிலிருந்து என் தப்புகளைத் திருத்தியவள் நீ. உன்னையும் ஒருவர் மடக்கிவிட்டாரே என்று இருந்தது. வெட்கத்தில் குனியவில்லை, அக்கா. எனக்கும் சிரிப்பு வந்தது. நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான் குனிந்தேன்.

தங்கை