உன் நிறத்தில் ஒரு பிரதி

அக்கா,

ஹட்டன் டவுனிலிருந்து கொண்டுவந்த உறையைப் பிரித்தேன். புதுப் படத்தாளின் மருந்து வாசம். வெளியே மழை. தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, வாசல் வெளிச்சத்தில் உன்னைப் பிடித்துப் பார்க்கிறேன். இது ஐந்தாவது பிரதி.

முதலாவதை நீயே பார்த்தாய்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்தபோது நண்பனின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தேன். நீ தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை இறக்கி, தலைத்துணியை அவிழ்த்த நேரம். அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளை முகத்தைத் தவிர உனக்கென்று ஒரு படமும் கிடையாது. "கலர்ல எடு. பெருசா அடிச்சிட்டு வா, செவுத்துல மாட்டணும்" என்றாய்.

பல்கலைக்கழகக் கணினி அறையில் அதைத் திருத்தினேன். முகம் இருட்டாக இருக்கிறதென்று வெளிச்சம் கூட்டினேன். கேமராவின் சொந்தக்காரன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"உதென்ன மச்சான், நெத்தியில ஒரு கோடு?"

"நிழல்."

நிழல் இல்லை. இத்தனை வருடமாகக் கூடைக் கயிறு அழுத்திய தடம். எனக்குத் தெரியும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தேன். அதே பெயரில் சேமித்தேன். கேமராவில் இருந்ததையும் அழித்து அவனிடம் கொடுத்தேன். கோடு இருந்த அந்தப் படம் வேறெங்கும் இல்லை.

ஹட்டன் ஃபோட்டோக் கடையில் அடித்த பிரதியை உன் கையில் தந்தபோது சிரித்தாய்.

"யாருடா இந்த தொரசாணி? நம்ம லயத்துக்கு எப்ப வந்தாங்க?"

பிறகு பெருவிரலால் படத்தின் நெற்றியைத் தேய்த்தாய். "என் கோட்டக் காணோமே."

நீ என்னை ஒருமுறை பார்த்தாய்.

"சரி விடு. அடுத்த தடவ என் கலர்லயே ஒண்ணு கொண்டா. இத மாட்டுனா நானே கும்புட்டுட்டுத்தான் வேலைக்குப் போவணும்."

அடுத்த தடவை நான் வந்தது வேறு காரியத்துக்கு. மலையில் குளவி கலைந்து கொட்டியதாம். எனக்குத் தகவல் வந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நிறங்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பிரதியில் நீ சிவந்திருந்தாய். மூன்றாவதில் பச்சை ஏறி, காய்ச்சல்காரி மாதிரி. திரையில் சரியாக இருக்கும். தாளில் வேறு யாரோ வருவாள்.

"கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தக் கூட்டி வெச்சிப் பாக்கிறீங்க தம்பி, அதான் கடதாசில வேற மாதிரி வருது" என்றார் கடைக்கார முஸ்லிம் நானா. "இந்த மெஷினும் மொகத்தக் கண்டா தன்பாட்டுக்கு வெளுப்பாக்கும். நான் அத நிப்பாட்டிட்டு அடிச்சித் தாரேன்."

நிறுத்திவிட்டு அடித்தார். நான்காவதில் ஏறக்குறைய நீ. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

"ஆளயே ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன். நேர்ல பாத்தா சரியா அடிக்கலாம்."

நான் கண்ணாடி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒங்கட ராத்தாவா?"

அக்காவைத்தான் அப்படிச் சொல்கிறார். தலையாட்டினேன்.

"அப்ப ஒங்கட கைய இங்க வைங்க."

வைத்தேன். டியூப் லைட்டை அணைத்து, என் கையை வாசல் பக்கம் இழுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக உன் கன்னத்தை அடித்து, ஒவ்வொன்றாக என் புறங்கையோடு வைத்துப் பார்த்தார். நான்காவது துண்டு கையோடு கலந்து தெரியாமல் போனது. "இதான்" என்றார்.

அந்தத் துண்டின்படி அடித்ததுதான் இந்த ஐந்தாவது. உன் நிறம். இதைவிடச் சரியாக வராது. நெற்றி மட்டும் வழவழவென்றிருக்கிறது. கணினியில் அந்தக் கோட்டை நானே வரைந்தும் பார்த்தேன், அக்கா. காயம் மாதிரி வந்தது. அழித்துவிட்டேன். எத்தனை அகலம், இடப்பக்கம் சற்று இறங்கியிருந்ததா, எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. இருபது வருடம் தினமும் பார்த்த முகம்.

சுவரில் மாட்டிவிட்டேன். பல்கலைக்கழக நண்பர்கள் வந்தால் யாரென்று கேட்பார்கள். அக்கா என்பேன். பிறகு படத்தின் நெற்றியில் விரலை வைத்து, இங்கே ஒரு கோடு இருந்தது, கூடைக் கயிறு பட்ட கோடு, நான்தான் அழித்தேன் என்று சொல்வேன்.

அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது.